ஜிம்மில் வளரும் பிள்ளைகளுக்குச் சம்பள வேலை: நாம் செய்துவிடும் தவறுகள்

மதுரையில் செல்லூர், ஆரப்பாளையம், வில்லாபுரம் பக்கமெல்லாம் தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஜிம்களைப் பார்க்கலாம். சங்கக் கட்டடத்தின் மாடியிலோ தகரக் கொட்டகையிலோ நடக்கும். கர்லாக்கட்டையும் தண்டாலும் பஸ்கியுமாக இருந்த இடங்களில் இப்போது டம்பெல்லும் பெஞ்சும் வந்திருக்கின்றன. தினமும் சாயங்காலம் 16, 17 வயதுப் பிள்ளைகள் அங்கே வருகிறார்கள். அவர்களில் சிலரை எடுத்து, ஒரு பெரியவரைத் துணைக்கு வைத்து, சம்பளமும் கொடுத்து, சின்னவர்களை வழிநடத்தும் ஆளாக்கலாம். நல்ல காரியம்தான். எங்கள் பகுதி ஜிம்மில் சில வருஷங்களாக இதைச் செய்கிறோம். ஆனால் பொறுப்பு கொடுப்பதாக நினைத்துக்கொண்டு பிள்ளைகளிடம் வேலை வாங்கிக்கொண்டிருப்போம். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம்.

முதலில் நேரம். ஜிம்மில் கூட்டம் நெரிவது விடியற்காலை 5 மணியிலிருந்து 8 வரை, அப்புறம் இரவு 7க்கு மேல். ஆள் தேவைப்படுவதும் அப்போதுதான். அதனால் “தம்பி, காலையில வந்து ஷட்டரைத் திறந்துடு” என்று சாவியைக் கையில் கொடுத்துவிடுவோம். சட்டப்படி இது கூடாது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. அதன்படி 14 வயது நிரம்பாதவர்களைச் சம்பள வேலைக்கு வைக்கவே முடியாது. 14 முதல் 18 வரை உள்ளவர்களை வளரிளம் பருவத்தினர் என்கிறார்கள். ஆபத்தான தொழில்களுக்கு அவர்களையும் எடுக்கக் கூடாது. மற்ற இடங்களில் வைக்கலாம், ஆனால் இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை கொடுக்கக் கூடாது. ஒரே மூச்சில் மூன்று மணி நேரத்துக்கு மேல் போனால் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் காத்திருப்பையும் சேர்த்து ஒரு நாளுக்கு ஆறு மணி நேரம்தான். வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை. ஓவர்டைம் கிடையாது. பெயர், பிறந்த தேதி, வேலை நேரம் எல்லாம் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

இதைப் படித்ததும் “அப்ப ஜிம்முக்கு ஒரு பிரயோஜனமும் இல்லையே” என்று தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டு, 5 மணியிலிருந்து 6.45 வரை ஒரு பிள்ளையால் வேலை பார்க்க முடியும். ஞாயிற்றுக்கிழமை 8இலிருந்து 11 வரை முடியும். அந்த நேரத்தில்தான் ஜிம் காலியாகக் கிடக்கும். அந்தக் காலி நேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓட்டம், குதித்தல், தண்டால், கபடி என்று ஒரு வகுப்பு வைத்தால், அதை நடத்த இவர்களைவிடப் பொருத்தமான ஆள் யார்? ஷட்டரைத் திறக்கும் வேலை பெரியவர்களிடமே இருக்கட்டும்.

அடுத்தது சம்பளம். இதில்தான் நாங்கள் பெரிய தவறு செய்தோம். “நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி, அவனுக்குப் போய் சம்பளமா” என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். டீ காசு கொடுப்போம், தீபாவளிக்குச் சட்டை எடுத்துக் கொடுப்போம், அதையே பெரிதாக நினைத்துக்கொள்வோம். ஒரு வருஷம் வசூல் சரியில்லை என்று இரண்டு மாதச் சம்பளத்தைத் தள்ளிப்போட்டோம். நன்றாக வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த பையன் சத்தமில்லாமல் நின்றுவிட்டான். விசாரித்தால், முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகிறான். அங்கே அன்றைக்கே கையில் காசு. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் அந்தப் பணத்தை எதிர்பார்த்து யாரோ இருந்திருக்கிறார்கள், நாங்கள் அதைக் கேட்கவே இல்லை.

அதனால் வேலை தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: என்னென்ன வேலை, எந்தெந்த நேரம், மணிக்கு எவ்வளவு, மாதத்தில் எந்தத் தேதியில் கொடுப்போம். அம்மாவோ அப்பாவோ அதைப் படித்துக் கையெழுத்துப் போடட்டும். ஆனால் பணத்தை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். 10 வயது நிரம்பியவர்கள் தாங்களே நடத்தும் சேமிப்புக் கணக்கு தொடங்க ரிசர்வ் வங்கி இடம் கொடுத்திருக்கிறது. தன் பெயரில் பாஸ்புக், அதில் தன் உழைப்பின் பணம் என்று பார்க்கும்போது அந்தப் பிள்ளை நிமிர்ந்து நிற்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூன்று மாதச் சம்பளம் முன்கூட்டியே கையிருப்பில் இல்லையென்றால் ஆரம்பிக்கவே வேண்டாம். ஐந்து பேருக்கு அரைகுறையாகக் கொடுப்பதைவிட இரண்டு பேருக்கு ஒழுங்காகக் கொடுப்பது மேல்.

யாரை எடுப்பது? கை பெருத்தவனை எடுப்பதுதான் வழக்கம். அவனைச் சுற்றி ஏற்கெனவே நாலு பேர் நிற்பார்கள், அதைத் தலைமை என்று நினைத்துவிடுவோம். இரண்டு வாரம் சும்மா உட்கார்ந்து கவனியுங்கள். தூக்கிய எடையை எடுத்த இடத்தில் திரும்ப வைப்பது யார், புதிதாக வந்து மூலையில் கூச்சத்தோடு நிற்கும் பையனிடம் போய்ப் பேசுவது யார், தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்வது யார் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒல்லியான பையனாக இருப்பான். நாங்கள் எடுத்ததில் மிக நன்றாக வந்த பெண் பிள்ளை, முதல் இரண்டு மாதம் வாயே திறக்காதவள்.

பெண் பிள்ளைகளை விட்டுவிடுவதும் பெரிய தவறு. இரவு 8 மணிக்கு ஜிம் என்றால் எந்த வீட்டில் அனுப்புவார்கள்? மாலை 5 மணி வகுப்பு என்றால் வருகிறார்கள். உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும், கூடவே இருக்க ஒரு அக்காவும் வேண்டும்.

வழிகாட்டும் பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். மாஸ்டர் என்றாலே புத்திமதி சொல்பவர், எல்லோர் முன்னாலும் திட்டுபவர் என்று நமக்குப் பழகிவிட்டது. பதினாறு வயதில் பத்துப் பேர் முன்னால் திட்டு வாங்கினால் அந்த வலி சீக்கிரம் ஆறாது. அடுத்த நாள் அந்தச் சின்னப் பிள்ளைகளே அவன் சொல் கேட்க மாட்டார்கள். வாரத்துக்கு ஒரு முறை இருபது நிமிஷம் உட்கார்ந்து பேசுங்கள். “இந்த வாரம் எது கஷ்டமா இருந்துச்சு? அடுத்த வாரம் என்ன மாத்தலாம்னு நினைக்கிற?” இந்த இரண்டு கேள்வி போதும். பதில் வர நேரமாகும், அதுவரை நீங்கள் பேசாமல் இருப்பதுதான் கடினமான பகுதி. ஒரு பெரியவர் இரண்டு பிள்ளைகளுக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில், வாசல் திண்ணை மாதிரி ஓர் இடத்தில் பேச வேண்டும். மூடிய அறை கூடாது. ராத்திரி வாட்ஸ்அப்பில் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது. தவறாக ஏதாவது நடந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். உங்களைப் பற்றியே புகார் என்றாலும் சொல்லலாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எதைக் கொடுப்பது என்பதிலும் இரண்டு பக்கமும் தவறுகிறோம். ஒரு பக்கம் தரை பெருக்குவதும் தண்ணீர் கேன் தூக்குவதும் மட்டும் கொடுப்போம். இன்னொரு பக்கம், பார்பெல்லில் அதிக எடை போட்டுத் தூக்குபவருக்குத் துணை நிற்கச் சொல்வோம். அது அனுபவமுள்ள பெரியவர் வேலை. வருகைப் பதிவு, பிறகு வார்ம்அப், அப்புறம் புதியவருக்கு இடத்தைச் சுற்றிக் காட்டுவது, கடைசியாக ஞாயிறு வகுப்பு என்று படிப்படியாகப் போகட்டும். உடம்பு ஏற்றும் பவுடர், ஊசி பற்றி யார் கேட்டாலும் “எனக்குத் தெரியாது, மாஸ்டரைக் கேளுங்க” என்று சொல்லப் பழக்குங்கள். நிஜமான முடிவு ஒன்றையும் அவர்களிடம் விடுங்கள். மாதம் 500 ரூபாய் கொடுத்து, என்ன வாங்குவது என்று அவர்களையே தீர்மானிக்கச் சொன்னோம். நாங்களாக இருந்தால் இன்னும் இரண்டு எடை பிளேட் வாங்கியிருப்போம். அவர்கள் கிழிந்த பாயை மாற்றினார்கள், சின்னப் பிள்ளைகள் முழங்கால் சிராய்த்துக்கொள்வதைப் பார்த்தவர்கள் அவர்கள்தானே.

நம் ஊரில் இன்னொன்றையும் பேசாமல் இருக்க முடியாது. ஒரே தெரு, ஒரே சாதிப் பிள்ளைகளை மட்டும் எடுத்தால் ஜிம் ஒரு கோஷ்டியாகிவிடும். பள்ளிகளில் சாதியைக் காட்டக் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரை செய்தது. ஜிம்மிலும் அந்தக் கயிறு வேண்டாம். பிறந்தநாள் ஃபிளெக்ஸில் பிள்ளைகள் படம் வேண்டாம். “நாளைக்கு ஊர்வலம், ஜிம் பசங்களைக் கொஞ்சம் அனுப்புங்க” என்று எந்தக் கட்சிக்காரர் கேட்டாலும் இல்லை என்று சொல்ல வேண்டும். இதில் ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் அம்மாக்கள் அடுத்த நாள் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள், அது நியாயம்தான்.

பிப்ரவரி, மார்ச்சில் பொதுத்தேர்வு. அந்த இரண்டு மாதம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விடுப்பு கொடுங்கள். ஏப்ரலில் அதே வேலை அவர்களுக்குத்தான் என்று எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் இடம் போய்விடுமோ என்ற பயத்தில் புத்தகத்தையும் விடாமல் ஜிம்மையும் விடாமல் அல்லாடுவார்கள்.

18 முடிந்ததும் கையை விரித்துவிடாதீர்கள். என்ன வேலை பார்த்தார், எத்தனை பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தார், எந்தத் தேதியிலிருந்து எதுவரை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். முதலுதவிப் பயிற்சிக்கு ஜிம் செலவில் அனுப்புங்கள். உடற்கல்வி படிக்க ஆசை என்றால் விண்ணப்பம் போடும் நாளில் கூடவே போய் உட்காருங்கள். அவர்கள் போன இடத்துக்கு அடுத்து யார் என்பதை அவர்களிடமே கேளுங்கள், போகும் முன் ஒரு மாதம் அந்தப் புதிய பிள்ளைக்கு அவர்களே கற்றுக்கொடுக்கட்டும். அந்த ஒரு மாதத்துக்கும் சம்பளம் உண்டு.