செம்பனை ஆலையில் முதல் வருடம்: ஒழுகும் பம்பும் தீபாவளி லீவும்

மலேசியாவின் பேராக்கில், தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரமே கிராணியிடம் (அலுவலகக் குமாஸ்தாவிடம்) போய், கடந்த மூன்று வருடத்துப் பழ வரத்தை மாதவாரியாகக் கேட்டு வாங்குங்கள். தீபகற்ப மலேசியாவில் பெரும்பாலும் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை குலை கொட்டும், வருடத் தொடக்கத்தில் குறையும். ஆலையை எப்போது நிறுத்திப் பழுது பார்க்கலாம், எப்போது ஊருக்குப் போகலாம் என்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. வெட்டிய குலை காத்திருக்காது. அடிபட்ட பழத்தில் நொதி வேலை செய்து கொழுப்பமிலம் ஏறிக்கொண்டே போகும். 5 சதவீதத்தைத் தாண்டினால் எண்ணெய் விலையில் கை வைப்பார்கள்.

புதிதாக வருகிறவர்கள் சென்சார், திரை, செல்போனில் எச்சரிக்கை என்று பெரிதாகத் தொடங்க ஆசைப்படுவார்கள். அதெல்லாம் இரண்டாம் வருடத்துக்கு. பழுதுப் பதிவேட்டைப் புரட்டி, ஆறு மாதத்தில் மூன்று முறைக்கு மேல் பெயர் வரும் இயந்திரம் எது என்று பாருங்கள். பல ஆலைகளில் அது ஸ்லட்ஜ் பம்பாகத்தான், அதாவது எண்ணெய் பிரித்தபின் மிஞ்சும் சேற்றைத் தள்ளும் பம்பாகத்தான் இருக்கும். பதிவேட்டில் "பேக்கிங் போச்சோர், மாற்றப்பட்டது" (சுழலும் ஷாஃப்டைச் சுற்றி அடைக்கும் கயிறு ஒழுகியது) என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால், பேக்கிங்கை மாற்றினார்களே ஒழிய காரணத்தை மாற்றவில்லை என்று அர்த்தம். உங்கள் முதல் புராஜெக்ட் அதுவே.

ஞாயிற்றுக்கிழமை ஆலை நிற்கும்போது எடுங்கள். சார்ஜ்மேன் (மின்சாரப் பொறுப்பாளர்) ஐசோலேட்டரை, அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை, இறக்கிப் பூட்டிய பின், உங்கள் பூட்டையும் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இரு பக்க வால்வையும் மூடி, டிரெயினைத் திறந்து காலியாக்குங்கள். உள்ளே 80, 90 டிகிரியில் ஸ்லட்ஜ் நிற்கும். அழுத்தமானி பூஜ்யம் காட்டினாலும் நம்பக்கூடாது, அதன் குழாயில் சேறு அடைத்திருக்கலாம். டிரெயினிலிருந்து கண்ணுக்கு முன்னால் வடிந்து நின்றால்தான் காலி.

பழைய பேக்கிங்கை வளையம் வளையமாகக் கொக்கியால் இழுங்கள். நடுவில் லேன்டர்ன் ரிங், அதாவது தண்ணீர் பாயத் துளையிட்ட வளையம், இருக்கும். அதையும் வெளியே எடுத்துத் துளைகளைச் சுத்தம் செய்யாவிட்டால், பின்னால் உள்ள வளையங்கள் அங்கேயே தங்கிவிடும், புதியது பாதிதான் உள்ளே போகும். அடுத்து ஸ்லீவின் (ஷாஃப்டுக்கு மேல் போட்டிருக்கும் உறையின்) மேல் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் பள்ளத்தில் மாட்டினால் ஸ்லீவ் ஹௌஸ் ஆகிவிட்டது (தேய்ந்துவிட்டது), மாற்றியே ஆக வேண்டும். எவ்வளவு நல்ல பேக்கிங் போட்டாலும் அந்தப் பள்ளம் அதை அரம் போல அராவித் தின்றுவிடும். பதிவேட்டில் திரும்பத் திரும்ப வந்த வரிக்குப் பாதிக் காரணம் இங்கேயே கிடைத்துவிடுவதுண்டு.

பேக்கிங் அளவு எளிய கணக்கு: ஸ்டஃபிங் பாக்ஸின் (பேக்கிங் உட்காரும் குழியின்) உள்விட்டத்தில் ஸ்லீவின் வெளிவிட்டத்தைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். 75-இல் 50 போனால் 25, பாதி 12.5 மி.மீ. ஸ்டோரில் 12 தான் இருக்கிறது என்று சுத்தியலால் தட்டிச் சமாளிக்க வேண்டாம். ஸ்லீவ் விட்டமுள்ள ஒரு குழாயில் சுற்றி வெட்டினால் எல்லா வளையமும் ஒரே நீளம் வரும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தள்ளி உட்கார வையுங்கள், ஒரு வளையத்தின் இணைப்பு அடுத்ததிலிருந்து 90 டிகிரி தள்ளி இருக்கட்டும். லேன்டர்ன் ரிங் சுத்தத் தண்ணீர் வரும் துளைக்கு நேரே நிற்கிறதா என்று பாருங்கள்.

பேக்கிங்கை அழுத்திப் பிடிக்கும் கிளாண்டு நட்டை விரலால் மட்டும் முறுக்கி ஓட்டுங்கள். நன்றாக ஒழுகும், ஒழுகட்டும். கால் மணிக்கு ஒருமுறை நட்டின் ஒரு முகம் அளவு, அதாவது ஆறில் ஒரு சுற்று, இரு பக்கமும் சமமாக இறுக்கி, நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு வரை கொண்டு வாருங்கள். அதோடு நிறுத்துங்கள். தரை நனைகிறதே என்று யாராவது ஸ்பேனரோடு வந்து முழுவதும் அடைத்தால், அந்தச் சொட்டு செய்துவந்த குளிர்ச்சி நின்று பேக்கிங் கருகும், புது ஸ்லீவிலும் பள்ளம் விழும். பம்புக்கு மேலேயே "40–60 சொட்டு வேண்டும்" என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டுங்கள்.

மீதிப் பாதிக் காரணம், மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் நேராக இல்லாதது. மோட்டாரின் நான்கு போல்ட்டில் ஒன்றை மட்டும் தளர்த்தி, அந்தப் பாதத்தில் டயல் கேஜ் (நுண்ணிய அசைவைக் காட்டும் அளவுமானி) வைத்துப் பாருங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் எழும்பினால் அந்தக் கால் ஊன்றவில்லை. முதலில் அதற்கு ஷிம் (மெல்லிய தகடு) போடாமல் மற்றதை அளப்பது வீண். பிறகு பம்பை அசைக்காமல் மோட்டாரை நகர்த்தி, மேல்கீழை ஷிம்மால் முடித்து, பக்கவாட்டுக்கு வாருங்கள். நிமிடத்துக்கு 1,450 சுற்று மோட்டாருக்கு விலகல் 0.05-இலிருந்து 0.1 மி.மீ.க்குள் நின்றால் போதும். ஆனால் குளிர்ந்திருக்கும்போது பார்த்ததோடு விடாதீர்கள். பாதத்திலிருந்து ஷாஃப்டு வரை 200 மி.மீ. உயரமுள்ள வார்ப்பிரும்பு 60 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.13 மி.மீ. வளரும், நீங்கள் பிடித்த அளவே தவறிவிடும். இரண்டு மணி நேரம் ஓட்டி, நிறுத்திப் பூட்டி, சூடாகவே மறுபடி அளவெடுங்கள்.

இதையெல்லாம் செய்யப்போகும் ஃபிட்டருக்கு உங்கள் வயதைவிட அதிக சர்வீஸ் இருக்கும். "அண்ணே, போன தடவை எதனால போச்சு?" என்று முதலில் கேளுங்கள். அவர் உங்களைச் சார் என்றுதான் கூப்பிடுவார், அதற்காக நீங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது ஊரில் எடுபடாது.

மேனேஜருக்கு ஒரு பக்க அறிக்கை போதும்: எத்தனை மணி நேரம் நின்றது, சாமான் எவ்வளவு வெள்ளி (ரிங்கிட்), வர எத்தனை வாரம். மணிக்கு 45 டன் ஆலை ஒரு மணி நேரம் நின்றால், 20 சதவீதப் பிழிதிறனில் (குலை எடையில் எண்ணெயின் பங்கு) 9 டன் எண்ணெய். அதை 'நஷ்டம்' என்று எழுதிவிடாதீர்கள். எண்ணெய் தள்ளிப்போகிறது, முழுவதும் போய்விடவில்லை. ஓவர்டைமும் ஏறிய கொழுப்பமிலமும்தான் உண்மையான நஷ்டம். ஊதிச் சொன்ன கணக்கை அனுபவசாலி மேனேஜர் ஒரு பார்வையில் பிடிப்பார், அடுத்த அறிக்கையை நம்பமாட்டார்.

அதே அறிக்கையின் நகலை வீட்டிலும் ஒரு கோப்பில் போடுங்கள். பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிந்து, பின்னால் நிபுணத்துவப் பொறியாளராக வேண்டுமென்றால் குறைந்தது 3 வருட அனுபவம் காட்ட வேண்டும். நீராவிப் பொறியாளர் தேர்வு எழுதவும் பாய்லர் பக்கம் நின்ற பதிவு தேவை. மூன்று வருடம் கழித்து நினைவிலிருந்து எழுதுவது நரகம்.

லீவுக்கு வருவோம். 2023 தொடக்கத்திலிருந்து வேலைச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம். சம்பளம் 4,000 வெள்ளியைத் தாண்டினால் சட்டப்படியான ஓவர்டைம் கிடையாது, ஆகவே கையெழுத்துப் போடும் முன் ஷிப்ட் அலவன்ஸைக் கேட்டுவிடுங்கள். முதல் இரண்டு வருடம் வருட லீவு குறைந்தபட்சம் 8 நாள். தீபாவளி அக்டோபர் கடைசியில் விழும் வருடங்களில் உச்ச வரத்தின் வாலோடு மோதும். எல்லோருக்கும் அதே நாள்தான் வேண்டும். ஜூனிலேயே எழுதிக் கொடுங்கள். தீபாவளிக்கு 3 நாள், வரத்துக் குறைந்த மாதத்தில் ஒரேயடியாக 4 நாள், ஒன்றைக் காய்ச்சல், கல்யாணம் என்று ஒதுக்கி வையுங்கள். தைப்பூசம் பேராக்கில் பொது விடுமுறை, அதற்கு லீவை வீணாக்க வேண்டாம். இரவு ஷிப்ட் முடித்த காலையில் நேரே கோலாலம்பூருக்கு வண்டியை எடுக்காதீர்கள், நான்கு மணி நேரமாவது தூங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

ஆலை உடுப்பைத் தனி வாளியில் போடுங்கள். எண்ணெய்க் கறைமேல் பாத்திரம் கழுவும் சோப்பை நேராகத் தேய்த்து அரை மணி ஊற வைத்து, பிறகு வெந்நீரில் அலசினால் வந்துவிடும். ஸ்லட்ஜ் வாடை போகாது, தீபாவளிச் சட்டையோடு சேர்த்து மெஷினில் போட்டால் அதற்கும் ஏறும். பூட்ஸை வாசலில் விடுகிறவர்கள் காலையில் தலைகீழாகத் தட்டிவிட்டுப் போடுங்கள். செம்பனைக்குள் எலி இருக்கும் இடத்தில் நாகமும் இருக்கும்.