செல்டாவுக்குப் போகுமுன்

கல்லடியில் கடைக்காரர்களுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தபடியே கேம்பிரிட்ஜின் செல்டா (CELTA) எனும், ஆங்கிலம் கற்பிப்பதற்கான சான்றிதழ்ப் பயிற்சிக்குத் தயாரானேன். 18 வயது நிரம்பியிருந்தால் விண்ணப்பிக்கலாம். நேர்முகத்தில் இலக்கணம் கேட்பார்கள், ஆங்கில வினைக் காலங்களைத் திருப்பிப் பாருங்கள். குறைந்தது 120 மணிநேரப் பயிற்சி, 4 எழுத்து ஒப்படைகள்.

பயிற்சியின் உயிரே நாமே வகுப்பெடுக்கும் 6 மணிநேரக் கற்பித்தல்தான். முன்னால் வளர்ந்த மாணவர்கள், பின்னால் குறிப்பெடுக்கும் பயிற்றுநர். நான் தடுமாறியது, என் பேச்சைக் குறைப்பதில். “ஐ ஹேவ் லிவ்ட் இன் கல்லடி ஃபார் டென் இயர்ஸ்” என்று எழுதிவிட்டு நீளமாக விளக்காதீர்கள். “இதைச் சொன்னவர் இப்போதும் கல்லடியிலா இருக்கிறார்?” என்று ஆங்கிலத்திலேயே கேளுங்கள். பதிலில் தெரிந்துவிடும், புரிந்ததா இல்லையா என்று. சரி, இன்றைக்கே உங்கள் வகுப்பொன்றைப் போனில் பதிவுசெய்து, யார் அதிகம் பேசுகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.