கடலூர் வெக்கையில் பால் பைத்தான்: கூண்டு, தீனி, சுத்தம்

பாம்பு வளர்ப்பு பற்றி யூடியூபில் தேடினால் வருபவை பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எடுத்த வீடியோக்கள். சூடேற்றும் விளக்கு வாங்கு, ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) வாங்கு, காலை மாலை தண்ணீர் தெளி என்பார்கள். அதை அப்படியே கடலூரிலோ புதுச்சேரியிலோ செய்தால் சித்திரையில் பாம்பு வெந்துவிடும், ஐப்பசியில் கூண்டு பூஞ்சை பிடித்துவிடும். நமக்கு இருக்கும் தொல்லை வெக்கையும் ஈரமும்தான். அதை மனதில் வைத்தே இந்தச் செய்முறையை எழுதுகிறேன். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்ற பால் பைத்தானை (ball python, பந்து மலைப்பாம்பு; குடிக்கும் பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) எடுத்துக்கொள்வோம். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, விஷமில்லாத, சாதுவான பாம்பு. வளர்ந்தால் மூன்று முதல் ஐந்து அடி வரும். இருபது, முப்பது வருடம் வாழும். வீட்டில் எல்லோரிடமும் பேசி முடிவு செய்யுங்கள்.

முதல் படி: சட்டம்

கொல்லையில் வந்த சாரையையோ, வயலில் கிடைத்த மண்ணுளியையோ எடுத்து வளர்க்கக் கூடாது. நம் நாட்டுப் பாம்புகள் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. மண்ணுளி இருந்தால் பணம் கொட்டும் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பால் பைத்தான் வெளிநாட்டு இனம் என்பதால் வளர்க்கலாம். ஆனால் அது, காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. 2024இல் வந்த விதிகளின்படி, கைக்கு வந்த முப்பது நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவைப் பார்ப்பது கடலூர்க்காரர்களுக்குத் தமிழ்நாடு வனத்துறை, எல்லையிலுள்ள முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி வனத்துறை. விற்பவரிடம் பில்லும் பதிவுத் தாளும் கேளுங்கள். தர மழுப்பினால் பாம்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இரண்டாம் படி: கூண்டு

வளர்ந்த பாம்புக்கு நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம் வேண்டும். குட்டிக்கு அத்தனை பெரிய இடம் கொடுத்தால் மிரளும். கிளிப் போட்டு மூடும் இரண்டடி பிளாஸ்டிக் பெட்டியே போதும். எதிரெதிர்ப் பக்கங்களில் சால்டரிங் அயனால் துளை போட்டு, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பிளைவுட் கூண்டு மழைக்காலத்தில் ஊறி உப்பும், கதவு இறுகிப் போகும். பிவிசி ஷீட்டில் செய்து வாங்குவது நல்லது. பூட்டு கட்டாயம். விரல் நுழையும் சந்து கிடைத்தால் குட்டி வெளியே போய்விடும். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் கையில் தடியோடுதான் அதைச் சந்திப்பார்.

உள்ளே, உடலை ஒட்டி அணைக்கும் அளவில் இரண்டு மறைவிடங்கள், கவிழாத கனமான தண்ணீர்க் கிண்ணம் ஒன்று. தரைக்கு முதல் ஆறு மாதம் பழைய செய்தித்தாளே போதும், எச்சமும் பேனும் உடனே கண்ணில் படும். பழகிய பிறகு தேங்காய் மட்டைத் துண்டு போடலாம். மரக்கடைத் தூள் மட்டும் வேண்டாம். அதில் என்ன மரம் கலந்திருக்கும் என்று தெரியாது, தேவதாரு வகைத் தூள் பாம்புக்கு நஞ்சு.

மூன்றாம் படி: வெக்கை

கூண்டின் ஒரு முனை 31, 32 டிகிரி செல்சியஸ், மறுமுனை 26, 27 டிகிரி இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வையுங்கள். இங்கே வருடத்தில் பல மாதம் அறை வெப்பமே இந்த அளவுக்கு வந்துவிடும். ஹீட் மேட் தேவைப்படுவது மார்கழி, தை இரவுகளில்தான். அதுவும் தெர்மோஸ்டாட் (சூடு அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் கருவி) இல்லாமல் போடக் கூடாது, வயிறு வெந்து புண்ணாகும்.

கத்திரி வெயிலில்தான் வேலையே. மாடி அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மேற்கு ஜன்னல், இந்த மூன்றையும் தவிர்த்து, வீட்டிலேயே குளிர்ச்சியான அறையின் தரையோரம் கூண்டை வையுங்கள். மின்விசிறியை மட்டும் நம்பாதீர்கள். நமக்கு வியர்வை காய்வதால் குளிர்கிறது, பாம்புக்கு வியர்க்காது. தெர்மாமீட்டர் 34ஐத் தாண்டினால் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிக் குளிர்முனையின் வெளிப்பக்கம் சாய்த்து வையுங்கள், அல்லது ஏசி அறைக்கு மாற்றுங்கள். ஏசி காற்று உலரும் என்பதால் அங்கே மட்டும் ஒரு மறைவிடத்தில் ஈரப் பாசியோ ஈரத்துணியோ வைக்கலாம். மற்றபடி கடற்கரைக் காற்றே போதுமான ஈரம் தரும். தண்ணீர் தெளிக்கவே தேவையில்லை.

நான்காம் படி: தீனி

பாம்புக்குப் பால் வேண்டாம். புற்றுக்கு ஊற்றுபவர்கள் ஊற்றட்டும், அது வேறு விஷயம். பால் அதற்குச் செரிக்காது. வீட்டுப் பொறியில் விழுந்த எலியும் வேண்டாம், எந்த மருந்தைத் தின்றதோ தெரியாது. தீனிக்கென்றே வளர்த்து உறைய வைத்த எலிதான் சரி. பாம்பை வாங்கும் முன்பே அது எங்கே கிடைக்கும் என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வஞ்சிர மீன் இருக்கும் ஃப்ரீசரில் எலியை வைக்க அம்மா சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் கூடாது. சின்னதாகத் தனி ஃப்ரீசர் நல்லது.

எலியின் பருமன் பாம்பின் உடலில் தடித்த இடத்தின் அளவு இருக்கட்டும். குட்டிக்கு ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை, வளர்ந்ததற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. முந்தின இரவே எலியை ஜிப் கவரில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக விடுங்கள். மறுநாள் கவரோடு கை பொறுக்கும் சுடுநீரில் கால் மணி நேரம் மூழ்க வைத்து, வயிற்றை அழுத்திப் பாருங்கள். நடுவில் கட்டியாகத் தட்டுப்பட்டால் இன்னும் உருகவில்லை. மைக்ரோவேவில் வைத்தால் வெடிக்கும்.

பாம்பின் மேலுதட்டில் வரிசையாகச் சின்னக் குழிகள் தெரியும், சூட்டை உணர்வது அவற்றால்தான். அதனால் கடைசியில் எலியின் தலையை மட்டும் மறுபடி சுடுநீரில் முக்கித் துடைத்து, நீளமான இடுக்கியில் பிடித்து மறைவிட வாசலில் லேசாக ஆட்டுங்கள். நாக்கு வேகமாக நீளும், கழுத்து மடங்கும், அவ்வளவுதான், ஒரே பாய்ச்சல். சுற்றி இறுக்கிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். இரண்டு நாள் தூக்கக் கூடாது, கக்கிவிடும். கக்கினால் பத்துப் பதினைந்து நாள் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுச் சின்ன எலியாகத் தொடங்குங்கள்.

உயிருள்ள எலியைப் போடாதீர்கள், அது திருப்பிக் கடித்துக் குதறிவிடும். தோல் உரிக்கும் முன் கண் நீலம் பாரிக்கும்போதும், குளிர்மாதங்களிலும் பால் பைத்தான் தின்ன மறுப்பது சகஜம். தனித் தராசில் எடை பார்த்து வாருங்கள். எடை இறங்காதவரை கவலை இல்லை.

ஐந்தாம் படி: சுத்தம்

தினமும் தண்ணீர் மாற்றுங்கள். எச்சத்தையும், சுண்ணாம்புக் கட்டி போலக் கிடக்கும் வெள்ளைச் சிறுநீரையும் கண்டதும் எடுங்கள். மாதம் ஒருமுறை பாம்பை வேறு பெட்டியில் விட்டுக் கூண்டு முழுவதையும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு முப்பது மில்லி பிளீச் கலந்து துடைத்துப் பத்து நிமிடம் விட்டு, மறுபடி நன்றாக அலசி, வாசனை முழுதும் போகும்வரை வெயிலில் காய வையுங்கள். அடைமழை நாட்களில் செய்தித்தாள் தானாகவே நமுத்துவிடும், அப்போது இரண்டு நாளுக்கொருமுறை மாற்றுங்கள்.

பினாயில் பக்கத்திலேயே வரக் கூடாது. ஊர்வனவற்றுக்கு அது நஞ்சு. பினாயில் போட்டுத் தரையைத் துடைத்த துணியும் கூண்டுக்குள் போகக் கூடாது. அந்துருண்டை, கொசுவர்த்தி, கொசு மருந்து லிக்விட், கரப்பான் ஸ்பிரே எல்லாம் பாம்பு இருக்கும் அறைக்கு வெளியே. நம் வீடுகளில் மறந்துபோவது இதுதான். கொசுவுக்கு ஜன்னலில் வலை அடித்துவிடுங்கள்.

பாம்பின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளைத் தொட விடாதீர்கள். கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.

ஆறாம் படி: நோயும் புயலும்

தண்ணீர்க் கிண்ணத்தில் கடுகை விடச் சிறிய கரும்புள்ளிகள் மிதந்தால் அது பாம்புப் பேன். வாயைத் திறந்தபடி மூச்சு விட்டாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ சளி நெஞ்சுக்கு இறங்கிவிட்டது, வீட்டு வைத்தியம் பார்க்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். எல்லா மருத்துவருக்கும் பாம்பு பழக்கம் இருக்காது, போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். புதுச்சேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம்.

2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது கடலூர்ப் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஆனால் ஃப்ரீசரில் உருகிப்போன எலிகளைத் தூக்கிப் போடுங்கள், மறுபடி உறைய வைத்துக் கொடுக்காதீர்கள். சில வாரம் பட்டினி கிடந்தாலும் வளர்ந்த பாம்புக்கு ஒன்றும் ஆகாது. வெள்ளம் ஏறி வீட்டை விட்டுக் கிளம்ப நேர்ந்தால் பாம்பைப் பருத்தித் தலையணை உறையில் விட்டு வாயை முடிச்சுப் போட்டு, துளையுள்ள பெட்டியில் வைத்துத் தூக்குங்கள். பதிவுத் தாளின் நகலைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு அந்தப் பெட்டியின் மூடியில் ஒட்டிவிடுங்கள்.