சிறிய பல்கலைக்கழகத்தில் பி.பி.ஏ.: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

சிறிய தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் பி.பி.ஏ. என்னும் இளநிலை வணிக மேலாண்மைப் படிப்பில் சேர்வதா என்று யோசிக்கும் மாணவரும் பெற்றோரும் பெரும்பாலும் வண்ணக் கையேட்டையும் அதில் வரிசையாக அச்சிட்டிருக்கும் நிறுவனச் சின்னங்களையும் பார்த்தே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அதே பல்கலைக்கழகம் அரசு அமைப்புகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கும் கணக்கு, கையேட்டைவிட நம்பத்தக்கது.

அங்கீகாரத்தைச் சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் இணையதளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் அங்கேயே உண்டு. 2024-25 கல்வியாண்டு முதல் பி.பி.ஏ. படிப்பு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் வரம்புக்குள் வந்துவிட்டதால், அந்த ஒப்புதல் பற்றியும் கேளுங்கள். உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரம் வழங்கும் 'நாக்' அமைப்பின் தரமதிப்பீடு, நிறுவனம் முழுமைக்கும் உரியது என்பதால், பொறியியலில் பெயர் பெற்ற இடத்தின் 'ஏ' தரம், நேற்றுத் தொடங்கிய மேலாண்மைத் துறையைப் பற்றி எதுவும் சொல்லாது.

அதிக நேரம் செலவிட வேண்டியது, மத்திய அரசின் கல்வி நிறுவனத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். தரவில்தான். தரவரிசையில் இடம் கிடைக்காவிட்டாலும், அதில் பங்கேற்ற நிறுவனங்கள் தாம் அளித்த தரவைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட்டிருக்கும். மூன்றாண்டு இளநிலைப் படிப்புகளுக்கான அட்டவணையைத் திறந்து, ஒரே ஆண்டில் சேர்ந்த மாணவர் அணியின் எண்களை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். அனுமதிக்கப்பட்ட இடங்கள் 120, சேர்ந்தவர்கள் 78, உரிய காலத்தில் பட்டம் பெற்றவர்கள் 61, வேலை பெற்றவர்கள் 22, மேற்படிப்புக்குச் சென்றவர்கள் 15, இடைநிலை ஆண்டு ஊதியம் 2,16,000 ரூபாய் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சேர்ந்தவர்களில் 17 பேர் உரிய காலத்தில் முடிக்கவில்லை. மேற்படிப்புக்குப் போனவர்களைக் கழித்தாலும், எஞ்சிய 46 பேரில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே வேலை கிடைத்திருக்கிறது. சம்பள வரிசையில் நடுவில் நிற்பவர் வாங்குவது மாதம் 18,000 ரூபாய். இதே இடத்தின் விளம்பரப் பலகை "100 சதவீத வேலைவாய்ப்பு" என்று சொன்னால், எத்தனை பேரில் 100 சதவீதம் என்று கேளுங்கள். இந்த அட்டவணை பி.ஏ., பி.எஸ்சி. உள்ளிட்ட மூன்றாண்டுப் படிப்புகள் அனைத்தையும் சேர்த்தே காட்டும் என்பதால், பி.பி.ஏ.வுக்கு மட்டுமான எண்ணிக்கையைத் துறைத் தலைவரிடம் கேட்டுப் பெற வேண்டும். தர மறுத்தால், அதையும் ஒரு விடையாகவே நான் எடுத்துக்கொள்வேன்.

சிறிய இடம் என்பதே குறையன்று. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஆசிரியருக்கு ஒவ்வொரு மாணவரின் பெயரும் தெரிந்திருக்கும். ஆனால் பாடத்திட்டத்தில் பன்னிரண்டு விருப்பப் பாடங்களை அச்சிட்டுவிட்டு, ஆள் இல்லாமல் இரண்டை மட்டும் நடத்துவதும் இத்தகைய இடங்களில்தான் எளிதாக நடக்கும். ஆகவே பாடத்திட்டத்தை மட்டும் பார்க்காமல், நடப்புப் பருவத்தின் கால அட்டவணையைக் கேளுங்கள். நிதி மேலாண்மை, சந்தையியல், மனிதவளம் மூன்றுக்கும் ஒரே ஆசிரியரின் பெயர் இருந்தால் காரணம் கேட்கலாம். சென்ற பருவத்தின் வினாத்தாளையும் வாங்கிப் பாருங்கள். மேலாண்மைக்கு வரையறை கேட்கும் தாளுக்கும், ஒரு கடையின் இருப்புநிலைக் குறிப்பைக் கொடுத்து அதற்குக் கடன் தரலாமா என்று கேட்கும் தாளுக்கும் உள்ள தூரமே அந்தத் துறையின் தரம்.

நேரில் செல்வதாயின், நுழைவாயில் அலங்கரிக்கப்பட்டிருக்கும் சேர்க்கை நாளைத் தவிர்த்து, வகுப்பு நடக்கும் சாதாரண நாளொன்றின் பிற்பகலில் சென்று இறுதியாண்டு மாணவர்களிடம் பேசுங்கள். பயிற்சிக்கு எங்கே போனார்கள், அந்த இடத்தை யார் பிடித்துக் கொடுத்தார்கள் என்ற இரண்டு கேள்விகள் போதும்.

எல்லாம் திருப்தியாக இருந்தால், தேர்வுக் கட்டணம், சீருடை, தொழிற்சாலைப் பார்வை உட்பட ஆறு பருவங்களுக்குமான தொகையை எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கட்டுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது யு.ஜி.சி. விதி, ஆகவே அவற்றை அலுவலகத்தில் விட்டுவிட்டு வராதீர்கள்.