ரப்பர் ஷீட் கூடத்துக்குப் பணித்துணை அட்டை தயாரிக்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், அருமனை, திருவட்டாறு வட்டாரங்களில், ரப்பர் பாலை ஆசிட் விட்டு உறைய வைத்து ஷீட் ஆக்கும் கூடங்களில் புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால், பழைய தொழிலாளி ஒருவர் சில நாள் உடன் நின்று சொல்லிக்கொடுப்பதே பெரும்பாலும் பயிற்சியாக இருக்கிறது. சொல்லிக்கொடுத்தவர் வராத நாளில் ஆசிட்டின் அளவு கூடியோ குறைந்தோ போகும். ஷீட் காய்ந்து விலைக்குப் போகும்போதுதான் தவறு வெளிப்படும். வேலை நடக்கும் இடத்திலேயே, கை ஓடும் நேரத்திலேயே பார்த்துக்கொள்ளத்தக்க சிறிய பணித்துணை அட்டை ஒன்று இருந்தால் இந்த இழப்பின் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

எல்லா வேலைக்கும் அட்டை உதவாது என்பதை முதலில் உணர வேண்டும். ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது கைப்பழக்கம். பட்டையைச் சரியான சரிவில், உள்ளிருக்கும் தண்டுக்குக் காயம்படாமல் சீவுவதை உடன் நின்று பழகித்தான் கற்க முடியும். ஆசிட் கண்ணில் தெறித்தால் அட்டையை வாசிக்க நேரம் இருக்காது. உடனே நிறையத் தண்ணீர்விட்டுக் கழுவுவதும், கழுவிய பின் மருத்துவரிடம் செல்வதும் பயிற்சியிலேயே மனத்தில் பதிந்திருக்க வேண்டும். அளவு, வரிசை, நிலைமைக்கேற்ற தேர்வு ஆகிய மூன்றில் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய வேலைகளுக்கே அட்டை பொருந்தும்.

அட்டையை மேசையில் அமர்ந்து எழுதத் தொடங்கக்கூடாது. காலையில் பால் வந்து இறங்கும் நேரத்தில் கூடத்தில் நின்று, நன்கு தேர்ந்த தொழிலாளி ஒருவர் செய்வதை ஒவ்வொரு செயலாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் எங்கே நின்று யோசிக்கிறார், எதை இரண்டாவது முறை பார்க்கிறார், புதியவர் எதை அவரிடம் கேட்கிறார் என்பனவே அட்டையில் இடம்பெற வேண்டியவை. மற்றவை எல்லாம் அவர் கைக்கு ஏற்கெனவே தெரிந்தவை. அவற்றையும் எழுதினால் தேவையான வரி தேவையற்ற வரிகளுக்குள் மறைந்துவிடும்.

ஆசிட் கலக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். கடையில் வாங்கும் ஃபார்மிக் ஆசிட் 85 சதவீதச் செறிவுடையதாக இருந்தால், 2 லிட்டர் தண்ணீரில் 10 மில்லி சேர்த்தால் ஏறக்குறைய 0.5 சதவீதக் கரைசல் கிடைக்கும். இதற்கான அட்டை இப்படி அமையலாம்: “கையுறை, கண்ணாடி போடவும். பிளாஸ்டிக் வாளியில் 2 லிட்டர் தண்ணீர் எடுக்கவும். ஆசிட்டின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. அளவுக் குவளையில் 10 மில்லி ஆசிட் எடுத்துத் தண்ணீரில் ஊற்றவும். கம்பால் நன்றாகக் கலக்கவும்.” எச்சரிக்கை, ஊற்றும் வரிக்கு முன்னால் நிற்பதைக் கவனிக்க வேண்டும், ஊற்றி முடித்தபின் வாசிக்கும் எச்சரிக்கையால் யாருக்கும் பயனில்லை. ஒவ்வொரு வரியிலும் ஒரே செயல், ஒரே அளவு. ஏன் இப்படிச் செய்கிறோம் என்ற விளக்கத்தைப் பயிற்சியில் சொல்ல வேண்டும். அட்டையில் அதற்கு இடமில்லை.

அன்றே ஷீட் அடிப்பதற்கு உறைய வைக்கும் பாலுக்குக் கூடுதல் ஆசிட்டும், மறுநாள் அடிப்பதற்குக் குறைவாகவும் தேவைப்படுவதால், டிஷ் (பாலை உறைய வைக்கும் தட்டு) ஒன்றுக்கு ஊற்ற வேண்டிய அளவை வரிசையாக எழுதுவதைவிட, “இன்று”, “நாளை” என்ற இரண்டு கட்டங்கள் கொண்ட அட்டவணையாக எழுதுவது நல்லது. அந்த அளவுகளை ரப்பர் வாரியக் கள அலுவலரிடம் கேட்டு உறுதிசெய்த பிறகே எழுத வேண்டும்.

பணித்துணை காகிதமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பாலை முதலில் அங்குலத்துக்கு 40 கண், பிறகு 60 கண் உள்ள சல்லடையில் வடிகட்டும் இடத்தில், முதல் சல்லடையின் கைப்பிடிக்குச் சிவப்பும் இரண்டாவதற்கு நீலமும் பூசினாலே போதும். ஷீட் தரம் பிரிப்பது கண்ணால் பார்த்துச் செய்யும் வேலை, புகையில் உலர்த்திய ஷீட்டின் தரங்களான ஆர்.எஸ்.எஸ். 3, ஆர்.எஸ்.எஸ். 4, ஆர்.எஸ்.எஸ். 5 ஆகியவற்றின் உண்மையான துண்டுகளை வெளிச்சம் படும் இடத்தில் தொங்கவிட்டால், எந்தப் புகைப்படத்தைவிடவும் அவை தெளிவாகச் சொல்லும் என்பது என் உறுதியான கருத்து.

சொற்களைத் தொழிலாளர்களிடமிருந்தே எடுக்க வேண்டும். அவர்கள் ஒட்டுப்பால், டிஷ், ரோலர் என்று சொல்லும்போது அட்டையும் அவ்வாறே சொல்ல வேண்டும். தமிழ் வாசிக்கத் தெரியாத வட மாநிலத் தொழிலாளர் இருந்தால் படமும் எண்ணும் முதன்மையாக இருக்கட்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் இம்மாவட்டத்தில் வெறும் காகிதம் விரைவில் பூத்துப்போகும். நான்கு ஓரமும் மூடி லேமினேட் செய்யலாம், அல்லது ஆசிட் கலக்கும் மேடைக்கு மேலே சுவரிலேயே பெயின்ட்டால் எழுதலாம். கைநீட்டும் தொலைவில் நின்று, ஈரக்கையால் தொடாமலே வாசிக்கும் அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்க வேண்டும்.

எழுதி முடித்த அட்டையை, அந்த வேலையை இதுவரை செய்யாத ஒருவரிடம் கொடுத்து, ஆசிட்டுக்குப் பதிலாக வெறும் தண்ணீரை வைத்துச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக்கூடாது. அவர் எங்கே தயங்கினாலும் குறை அட்டையுடையது; அந்த வரியை மாற்றி, வேறொருவரிடம் மீண்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும். புதியவருக்குப் பயிற்சி தரும்போதும் முதல் நாளிலிருந்தே அட்டையைப் பார்த்தே செய்யப் பழக்க வேண்டும். அவர் அளவு கேட்டால் பதில் சொல்லாமல் அட்டையைக் காட்டுவது நல்லது.

அட்டையின் அடியில் எழுதிய தேதியும், ஆசிட்டின் செறிவும், பொறுப்பாளர் பெயரும் இருக்கட்டும். வேறு செறிவுள்ள ஆசிட் வாங்கிய அன்றே 10 மில்லி என்ற எண் தவறாகிவிடும் என்பதால், புதிய கேனைத் திறப்பதற்கு முன் பழைய அட்டையைக் கழற்றிவிட வேண்டும். இலையுதிர்ந்து பால்வெட்டு ஓய்ந்திருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் எல்லா அட்டைகளையும் ஒருசேர எடுத்து, தொழிலாளர்களோடு உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்த்து, வெட்டு மீண்டும் தொடங்குமுன் மாட்டிவிடலாம்.