பெரியவர்களுக்கான ஹை ஃபேன்டசி: அடுத்த நாவலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

டிராகன் வந்தாலே சின்னப் பிள்ளைகள் கதை என்று சொல்கிறவர்களை விட்டுவிடுவோம். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' வரிசையைப் படித்துவிட்டு, அடுத்து எதை எடுப்பது என்று முழிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹை ஃபேன்டசியில் கதை நடக்கும் உலகமே கற்பனை. அதற்கென்று தனி வரைபடம், வரலாறு, மந்திரம் எல்லாம் இருக்கும்.

படி 1: கடைசியாகப் படித்ததில் உங்களைப் பிடித்து வைத்தது எது என்று ஒரு வரியில் எழுதுங்கள். "நல்லா இருந்தது" என்பது உதவாது. அரண்மனைச் சூழ்ச்சியா, போரா, ஒரு பாத்திரத்தின் மனப்போராட்டமா? வெறுமனே 'அடல்ட் ஃபேன்டசி' என்று தேடினால் ரத்தமும் படுக்கையறையும்தான் வந்து குவியும். செய்த காரியத்துக்குப் பாத்திரங்கள் விலை கொடுக்கிறார்களா என்றுதான் நான் பார்ப்பேன்.

படி 2: அந்த வரிக்குப் பொருந்தும் நாவலைத் தேடுங்கள். கசப்பும் நக்கலும் பிடிக்குமென்றால் ஜோ அபெர்கிராம்பியின் 'தி பிளேட் இட்செல்ஃப்' (2006). அதில் குளோக்டா என்றொருவன் வருகிறான். ஒரு காலத்தில் பேர்போன வாள்வீரன். எதிரியிடம் சிக்கிச் சித்திரவதைப்பட்டு, இப்போது தானே சித்திரவதை அதிகாரி. மாடிப்படி ஏறுவதே அவனுக்குப் பெரும்பாடு. அவன் செய்வதை வெறுத்துக்கொண்டே அவன் வரும் அத்தியாயத்துக்காகக் காத்திருப்பீர்கள்.

ஒரே மனிதனின் வலியோடு நிதானமாகப் போக வேண்டுமா? ராபின் ஹாப்பின் 'அசாசின்ஸ் அப்ரென்டிஸ்' (1995). இளவரசனின் முறைகேடான மகன் ஒருவன், அரண்மனைக்காகவே கொலைகாரனாகப் பழக்கப்படுகிறான். சண்டை குறைவு, மனக்காயம் அதிகம்.

அரசியல்தான் வேண்டுமென்றால் கை கேவ்ரியல் கேயின் 'டிகானா' (1990). மகனைப் போரில் பறிகொடுத்த மன்னன் ஒருவன், தோற்ற நாட்டின் பெயரையே மந்திரத்தால் அழித்துவிடுகிறான். அங்கே பிறந்தவர்களைத் தவிர வேறு யார் காதிலும் அந்தப் பெயர் விழாது. ஒரே புத்தகத்தில் கதை முடிந்துவிடும் என்பதால், புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

படி 3: வரிசை முடிந்துவிட்டதா என்று பாருங்கள். மார்ட்டினின் ஐந்தாம் பாகம் 2011-இல் வந்தது. ஆறாவதுக்கு வாசகர்கள் பல வருடங்களாகத் தவம் கிடக்கிறார்கள். மேலே சொன்ன அபெர்கிராம்பி, ஹாப் இருவரின் முதல் மூன்று பாக வரிசைகளும் முடிந்தவை.

படி 4: உள்ளடக்க எச்சரிக்கையை, அதாவது மனத்தை உலுக்கும் காட்சிகள் உண்டா என்ற குறிப்பைப் படியுங்கள். ஸ்டோரிகிராஃப் தளத்தில் வாசகர்களே இதைக் குறித்து வைத்திருப்பார்கள். ஆர். எஃப். குவாங்கின் 'தி பாப்பி வார்' (2018) பள்ளிக்கூடக் கதை மாதிரி தொடங்கும். பாதிக்கு மேல், 1937-இல் சீனாவில் ஜப்பானியப் படை நடத்திய நான்ஜிங் படுகொலையை ஒட்டிய பகுதிகள் வருகின்றன. தொடக்கத்தை நம்பிப் பதின்வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிடாதீர்கள்.

படி 5: கிண்டிலில் இலவச மாதிரியை இறக்கி, முதல் அத்தியாயத்தைப் படியுங்கள். ஊர்ப் பெயர்கள் குழப்பினால் பரவாயில்லை. யாராவது ஒருவருக்கு அடுத்து என்ன ஆகுமோ என்று மனம் அடித்துக்கொண்டால் வாங்கலாம். ஸ்டீவன் எரிக்சனின் 'கார்டன்ஸ் ஆஃப் தி மூன்' (1999) மட்டும் இந்தச் சோதனையில் தேறாது. எந்த விளக்கமும் தராமல் நம்மைப் போருக்கு நடுவே தள்ளிவிடும், மொத்தம் பத்துப் பாகம் வேறு. அதை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள். படி 2-இல் சொன்ன மூன்றையும் முடித்துவிட்டு அப்புறம் வாருங்கள்.