வாய்க்கால் குழு இரண்டுபட்டால் அட்மின் என்ன செய்வது

ராத்திரி 11 மணிக்கு ஒருவரைக் குழுவிலிருந்து நீக்கினோம். விடிவதற்குள் 38 பேர் தாங்களாகவே வெளியேறியிருந்தார்கள், காலை 10 மணிக்கெல்லாம் கிட்டத்தட்ட அதே பெயரில் இன்னொரு வாட்ஸ்அப் குழு ஓடிக்கொண்டிருந்தது.

கீழ்பவானி வாய்க்காலில் எங்கள் பகுதி விவசாயிகள் 400 பேருக்கு மேல் இருந்த குழு அது. அணையில் இன்றைக்கு எத்தனை அடி, எந்த மதகு திறந்தாச்சு, மஞ்சள் என்ன விலை, கொப்பரை என்ன விலை, இதற்காகத்தான் ஆரம்பித்தோம். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் பேச்சு வந்ததும் குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. நான் மூன்று அட்மின்களில் ஒருவன். அன்றைக்கு நாங்கள் செய்தது தப்பு, அதற்கப்புறம் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பாசனக் குழு என்றில்லை, முன்னாள் மாணவர் குழு, அடுக்குமாடிக் குடியிருப்புக் குழு, கோயில் திருவிழாக் குழு எதற்கும் இது பொருந்தும், வாய்க்கால் எனக்குத் தெரிந்த இடம் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் சண்டை எதைப் பற்றியது என்று பாருங்கள். பவானிசாகர் அணையில் தொடங்கும் மெயின் வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடுகிறது, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கர் பாசனம். மண் கரையில் கசியும் தண்ணீரை நம்பித்தான் வாய்க்காலை ஒட்டிய ஊர்களில் கிணறு ஊறுகிறது, குடிக்கவும் அதுதான், தென்னைக்கும் அதுதான். அந்த ஊர்க்காரரிடம் போய்க் கான்கிரீட் என்றால் கிணற்றை மூடச் சொல்வது போலத்தான் கேட்கும். வாய்க்கால் முடிகிற பக்கம் இருக்கும் கடைமடைக்காரருக்கு வேறு கணக்கு. திறந்து நாள் கணக்காகியும் தண்ணீர் வந்து சேராமல், விட்ட நாற்று காய்வதைப் பார்த்து நின்றவர் அவர், கசிவைத் தடுத்தால் தனக்கு வந்து சேரும் என்று நம்புகிறார். இரண்டு பேரும் அவரவர் காட்டைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள், ஒருவரும் பொய் சொல்லவில்லை. இதை அட்மின் மனசார ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் மேற்கொண்டு படித்துப் பயனில்லை, ஏனென்றால் நீங்கள் எதை நீக்கினாலும் அதில் உங்கள் பக்கம் தெரிந்துவிடும்.

இந்தச் சண்டையைத் தீர்ப்பது அட்மின் வேலை இல்லை. அதற்கு நீர்வளத்துறை இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. அட்மின் கவனிக்க வேண்டியது இன்னொரு சண்டையை. வாய்க்காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒரு நாள் உங்களைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். "அவர் போட்டா உட்டுப்போடறீங்க, நான் போட்டா மட்டும் எடுத்துப்போடறீங்க" என்று ஒருவர் கேட்டுவிட்டால் அன்றைக்கே குழு பாதி உடைந்தாச்சு என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு அறிகுறி சத்தமில்லாமல் நடக்கும். இப்போதெல்லாம் ஒருவர் வெளியேறினால் அட்மின்களுக்கு மட்டும்தான் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது, ஆனால் கடந்த 60 நாளில் யார் யார் போனார்கள் என்று குழு விவரத்தில் பட்டியல் இருக்கும். மாதம் ஒரு முறை அதைப் பாருங்கள். எங்களுடையதைத் தாமதமாகத்தான் பார்த்தோம். அந்த ராத்திரிக்கு முன்பே 17 பேர் போயிருந்தார்கள், அதில் 14 பேர் கடைமடை.

சரி, அட்மின் யார் என்பதைச் சரிசெய்யுங்கள். பெரியவர் என்பதற்காக, சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறார் என்பதற்காக, மரியாதைக்கு அட்மின் ஆக்கும் பழக்கம் நம் பக்கம் நிறைய உண்டு. எந்த அட்மினும் இன்னொருவரை அட்மின் ஆக்கலாம், அட்மின் பொறுப்பிலிருந்து எடுத்தும் விடலாம், குழுவை ஆரம்பித்தவரை மட்டும்தான் எடுக்க முடியாது. ஏழெட்டு அட்மின் இருந்தால் ஒரே ராத்திரியில் குழு ஒரு பக்கத்தார் கைக்குப் போய்விடும். மூன்று பேர் போதும். வாய்க்காலின் மேல்பக்கம் ஒருவர், கடைமடையில் ஒருவர், மூன்றாமவர் இந்த வாய்க்காலில் ஒரு சென்ட் கூட இல்லாதவராக இருந்தால் ரொம்ப நல்லது. எங்களுக்கு இப்போது ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் இருக்கிறார், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அவர் பாடம் எடுத்தவர்.

இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்று சொல்லும் ஒன்று உண்டு. வாதத்தில் இறங்கிய அட்மின் அந்த வாதத்தில் எதையும் நீக்கக்கூடாது, அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். பேச ஆசையாக இருந்தால் பேசுங்கள், தப்பே இல்லை, ஆனால் அன்றைக்கு நீங்கள் வெறும் உறுப்பினர். அந்த ராத்திரி நான் ஒரு மணி நேரம் ஒருவரோடு மல்லுக்கட்டினேன், பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியை அவர் கேட்டார், நான் அவரை நீக்கினேன். அவர் பேச்சில் ஒரு கெட்ட வார்த்தையும் இருந்தது உண்மைதான், ஆனால் அதைப் பார்த்த 400 பேரில் யாருக்கும் வார்த்தைக்காக நீக்கினேன் என்று தோன்றவில்லை. 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் வாய்க்காலை வெட்டியவரைப் பற்றி ஈரோட்டுப் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். சொந்த லாபத்துக்கு வெட்டினார் என்று யாரும் பேசிவிடக்கூடாது என்று, தன் வம்சமே அந்தத் தண்ணீரைத் தொடாது எனச் சத்தியம் செய்துவிட்டு, பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபோனாராம். அட்மின் ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை, அந்த ஒரு வாதத்திலிருந்து விலகிக்கொண்டால் போதும்.

விதிகளைச் சண்டைக்கு நடுவில் எழுதாதீர்கள். அப்போது எழுதும் ஒவ்வொரு விதிக்கும் ஓர் ஆளின் முகம் இருக்கும். ஆகஸ்ட் 15க்குத் தண்ணீர் திறப்பது வழக்கம் என்றால் மே மாதமே எழுதி, குழுவிலேயே வாக்கெடுப்பு போட்டு, விவரப் பகுதியில் வைத்துவிடுங்கள். எங்களுடையது நான்கே வரி:

"யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது என்று தெரியாத ஃபார்வர்டு வேண்டாம். சாதி, குடும்பம், வீட்டுப் பெண்கள் பற்றிப் பேச்சு வேண்டாம். இங்கே பேசியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு குழுவில் போடக்கூடாது. கான்கிரீட் பற்றி என்ன கருத்தும் சொல்லலாம்."

கடைசி வரிதான் முக்கியம். எதைச் சொல்லலாம் என்று எழுதி வைக்காத குழுவில் எல்லாமே அட்மின் தயவில் நடப்பதாகத்தான் தெரியும். ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒருவர் கோபத்தில் எழுதி இரண்டு நிமிஷத்தில் தானே அழித்ததை, இன்னொருவர் படம் பிடித்து எதிர்ப்பக்கத்தார் குழுவில் போட்டால், அழித்தவருக்கு அது ஆயுசுக்கும் நிற்கும். திட்டியவரைவிட இந்த வேலை செய்தவரிடம்தான் நாங்கள் கடுமையாக இருக்கிறோம்.

தீப்பிடித்த அன்று என்ன செய்வது? உடனே அழிக்காதீர்கள். அட்மின் அழித்தால் யார் அழித்தார் என்று பெயரோடு அங்கேயே நிற்கும், என்ன இருந்தது என்பதைவிட யார் எடுத்தார் என்பதுதான் அப்புறம் பேச்சாகும். முதலில் போன் பண்ணுங்கள். எழுத்தில் "நீங்கள் விதியை மீறியுள்ளீர்கள்" என்று போட்டால் எரிகிற ஆள், போனில் "ஏனுங் மாமா, சாப்டாச்சுங்களா, அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துப்போடுங்க, மீதி இருக்கட்டும்" என்றால் பெரும்பாலும் எடுத்துவிடுவார். அனுப்பி இரண்டு நாள் வரை அவரே எல்லோருக்கும் அழிக்கலாம், அவர் கையாலேயே எடுப்பதில் அவருக்கும் கௌரவம் போகாது. போன் எடுக்கவில்லை என்றால், காலையில் அவர் தோட்டத்துச் சாளைக்கே நேரில் போய்விடுங்கள். எனக்குத் தெரிந்து முக்கால்வாசிச் சண்டை இங்கேயே முடிகிறது.

ராத்திரியில் பத்துப் பதினைந்து பேர் ஒன்றாக இறங்கிவிட்டால், அட்மின்கள் மட்டும் எழுதும்படி குழுவைப் பூட்டலாம். ஆனால் பூட்டும்போதே எப்போது திறப்போம் என்று சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்குத் திறங்கள். "காலை 6 மணிக்குத் திறக்கிறோம், அணை நீர்மட்டம் அப்போது போடுகிறோம்" என்று ஒரு வரி. நேரம் சொல்லாமல் பூட்டினால், பூட்டுவதற்கு முன்னால் கடைசியாகப் பேசியது எந்தப் பக்கம் என்று பார்த்து, அட்மின் அந்தப் பக்கத்துக்குச் சாதகமாகப் பூட்டினார் என்பார்கள். முறைத் தண்ணீர் ஓடும் நாட்களில் பூட்டவே வேண்டாம். மடை உடைந்தது என்று ஒருவர் ராத்திரி 2 மணிக்குச் சொல்ல வேண்டி வரும்.

நீக்குவது பற்றி. வாட்ஸ்அப்பில் ஒரே ஒருவரை மட்டும் சில நாள் பேசாமல் நிறுத்தி வைக்க வழி இல்லை, நீக்குவது ஒன்றுதான் கையில் இருக்கிறது. அதனால்தான் சின்னத் தப்புக்கும் பெரிய தண்டனையாகப் போய்விடுகிறது. 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், உலகத்தில் பல இடங்களில் விவசாயிகளே நடத்தும் பாசன முறைகளை ஆராய்ந்தவர். நெடுங்காலம் நிலைத்தவற்றில் முதல் தப்புக்குத் தண்டனை ரொம்பச் சின்னதாக இருக்கும், திரும்பத் திரும்பச் செய்தால்தான் ஏறும் என்று கண்டார். நாங்கள் வைத்திருப்பதும் அதே வழிதான். முதலில் போன், அப்புறம் பெயர் சொல்லாமல் குழுவில் ஒரு நினைவூட்டல், அப்புறம் மூன்று நாள் நீக்கம், அதற்கும் மேல் போனால் ஒரு மாதம். நீக்கும்போதே திரும்பச் சேர்க்கும் தேதியையும் குழுவில் எழுதிவிடுகிறோம். அட்மின் நீக்கியவரை நாமேதான் திரும்பச் சேர்க்க வேண்டும், மறந்துவிட்டால் மூன்று நாள் என்பது நிரந்தரம் ஆகிவிடும். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒறம்பரை விஷயம் வருகிறது. நம் ஊர்க் குழுக்களில் பாதிப் பேர் மாமன் மச்சான், மீதிப் பேர் பங்காளி. என் சித்தப்பா ஒரு நாள் கடைமடைக்காரர்களைப் பற்றி மோசமாக ஒன்று போட்டார், இரண்டு தடவை போன் பண்ணியும் எடுக்க மாட்டேன் என்றார். நான் அவர் விஷயத்தில் முடிவெடுக்கவில்லை, மற்ற இரண்டு பேரும் பேசி மூன்று நாள் என்றார்கள். ஆனால் நீக்குவதை என் கையால்தான் செய்தேன், என் பெயர்தான் அங்கே தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த வாரம் ஒரு கல்யாண வீட்டில் அவர் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார், சின்னம்மா மட்டும் வந்து "ஏஞ்சாமி, குடும்பத்துக்குள்ள இது வேணுமா" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. பதில் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்த மாதம்தான் வெளியேறியிருந்த கடைமடைக்காரர்களில் ஒன்பது பேர் திரும்ப வந்தார்கள். உங்கள் ஆளை நீக்க உங்களுக்கு மனம் வராது என்றால் இன்றைக்கே அட்மின் பொறுப்பை விட்டுவிடுங்கள், அதில் ஒரு கேவலமும் இல்லை.

ஒரு நோட்டு போடுங்கள். சாதாரண 40 பக்க நோட்டு போதும். தேதி, யார், என்ன போட்டார், யார் முடிவெடுத்தது, எந்தப் பக்கம். என்னுடைய பழைய செய்திகளை உட்கார்ந்து பார்த்து முதல் இரண்டு பக்கத்தை நிரப்பியபோது, கடைமடைக்காரர்கள் போட்டதில் 11 நீக்கியிருந்தோம், மேல்பக்கத்தார் போட்டதில் 2. நாங்கள் மூன்று பேரும் அப்போது மேல்பக்கம், பாரபட்சம் இல்லை என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தோம். அந்த நோட்டைக் கேட்பவர் யாராக இருந்தாலும் காட்டுகிறோம். சட்டத்துக்கும் அது நல்லது. 2021 டிசம்பரில் கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றின் வழக்கில், அட்மினாக இருந்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்றால் அவர் பெயரைக் குற்றப்பத்திரிகையிலிருந்து எடுக்க வேண்டும் என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. அடுத்தவர் போட்டதற்கு அட்மின் பொறுப்பாக மாட்டார் என்று 2022இல் கேரள உயர்நீதிமன்றமும் சொன்னது. அதனால் போலீஸ் வரும் என்ற பயத்தில் காண்பதையெல்லாம் நீக்க வேண்டாம்.

இவ்வளவு செய்தும் குழு உடைந்தால் உடையட்டும். இன்னொரு குழு ஆரம்பித்தவர்களைத் துரோகி என்று பேசாதீர்கள், அங்கே ஆள் அனுப்பி வேவு பார்க்காதீர்கள். மதகு திறக்கும் நேரம், முறை, உடைப்பு இவற்றுக்கு மட்டும், அட்மின்கள் மட்டுமே எழுதும் மூன்றாவது குழு ஒன்று வைத்து, இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒருவரை அதில் அட்மின் ஆக்குங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். கான்கிரீட் பற்றி அங்கே ஒரு வார்த்தை கிடையாது. ஒற்றைப்படை மதகுக்கு 1,03,500 ஏக்கர், இரட்டைப்படைக்கு அதே அளவு என்று பருவம் மாற்றித் தண்ணீர் விடுகிற வாய்க்காலில், யார் எந்தப் பக்கம் என்றாலும் மதகைத் திறந்து மூடும் லஸ்கர் எப்போது வருகிறார் என்பது எல்லோருக்கும் வேண்டும்.

அப்புறம் தப்பு உங்களுடையது என்றால், எந்த இடத்தில் செய்தீர்களோ அங்கேயே மன்னிப்புக் கேளுங்கள். 400 பேர் முன்னால் நீக்கிவிட்டுத் தனியாகப் போனில் கேட்டால் அது பாதிதான். அந்த ராத்திரி நான் நீக்கியவரின் தோட்டத்துக்கு முதலில் போனேன், வாங்க என்று கூப்பிட்டு மோர் கொடுத்தார், ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை. திரும்பி வந்து குழுவில் எழுதினேன்: "அன்றைக்கு அண்ணனோடு வாதத்தில் இருந்தவன் நான், நீக்கியதும் நான், அது தப்பு. அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை." நாலு நாள் கழித்துச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவரே செய்தி அனுப்பினார்.

அப்படித் திரும்பி வருகிறவரை வரவேற்று மாலை, கைகூப்பு எதுவும் போடாதீர்கள், எல்லோரும் அவரையே பார்ப்பது போல அவருக்குக் கூச்சமாகிவிடும். சேர்த்துவிட்டு அன்றைய நீர்மட்டத்தைப் போடுங்கள்.